நகைச்சுவை எழுத்து: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பத்திரிகைகளுக்கு அவ்வப்போது நகைச்சுவைக் கட்டுரை எழுதுகிறேன். சோறு போடுவது வேறு வேலை. இது ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு செய்கிற வேலை. எழுத ஆசைப்படுகிறவர்கள் என்னிடம் கேட்பதெல்லாம் ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான். ஒவ்வொரு முறையும் வேறு வேறு பதில் சொல்லி மாட்டிக்கொள்வதைவிட, ஒரே இடத்தில் எழுதி வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

நகைச்சுவை உணர்வு பிறவியிலேயே இருக்க வேண்டுமா?

எல்லாக் குடும்பத்திலும் ஒருவர் இருப்பார். கல்யாண வீட்டில் அவர் நாற்காலி போட்டு உட்கார்ந்தால் சுற்றிப் பத்துப் பேர் கூடிவிடுவார்கள். சிரிப்புச் சத்தம் சமையல்கட்டு வரை கேட்கும். அவர் எழுத வருவது அபூர்வம். எழுத வருகிறவர் அந்தக் கூட்டத்தின் ஓரத்தில், பந்திக்கு எப்போது கூப்பிடுவார்கள் என்று ஒரு கண்ணும், யார் சிரிக்காமல் இருக்கிறார்கள் என்று இன்னொரு கண்ணுமாக நிற்கிறவர். நீங்கள் இந்த இரண்டாவது ஆள் என்றால் தாராளமாக எழுதலாம். முதல் ஆளாக இருந்தாலும் எழுதலாம், கொஞ்ச நாள் வாயை மூடிக்கொண்டு இருக்கப் பழக வேண்டும். அதுதான் கஷ்டம்.

சிரிப்பு எங்கிருந்து வருகிறது? இதற்கு ஏதாவது கணக்கு உண்டா?

தமிழில் மிகப் பழைய கணக்கே உண்டு. தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் எட்டு மெய்ப்பாடுகளை, அதாவது மனதில் இருப்பது உடம்பில் தெரிகிற உணர்ச்சிகளை, சொல்கிறது. அதில் முதலாவதாக நிற்பது நகை. அழுகை அதற்கு அடுத்துத்தான். அந்த நகை நான்கு இடத்திலிருந்து பிறக்கிறது என்கிறார் தொல்காப்பியர்: எள்ளல், இளமை, பேதைமை, மடன். பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்து மார்க் வாங்கியதோடு நான் இதை மறந்துவிட்டேன். எழுத ஆரம்பித்துப் பல வருடம் கழித்து, என் கட்டுரைகளில் எது தேறியது, எது தேறவில்லை என்று பிரித்துப் பார்த்தபோதுதான் திரும்ப ஞாபகம் வந்தது.

எள்ளல் என்றால் கிண்டல். புதுமனை புகுவிழாவுக்கு வந்த உறவுக்காரப் பெண்மணி வீடு முழுக்கச் சுற்றிப் பார்த்துவிட்டு, “ரொம்ப நல்லா இருக்கு. எப்ப முழுசா கட்டி முடிப்பீங்க?” என்று கேட்டாரே, அது.

இளமை என்பது குழந்தைத்தனம். வீட்டில் கரண்ட் போனதும் நாலு வயதுக் குழந்தை, யாரும் கேட்காமலே, “நான் எதையும் தொடலை” என்று இருட்டில் சொல்வது.

பேதைமை என்பது அறியாமை. என் பெரியப்பா கைபேசியில் தூரத்தைப் பொறுத்துச் சத்தம் வைப்பார். பக்கத்துத் தெருவுக்கு மெல்லிய குரல், மதுரைக்குக் கொஞ்சம் ஓங்கி, துபாய் என்றால் மொட்டை மாடிக்கே போய்விடுவார்.

மடன்தான் எனக்கு ரொம்பப் பிடித்தது. சொல்லிக்கொடுத்ததை அப்படியே பிடித்துக்கொண்டு விடாமல் இருப்பது. எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் புதிதாக வந்த காவலாளியிடம், “வண்டி நம்பர் எழுதாம யாரையும் உள்ள விடாதீங்க” என்று சொல்லிவைத்தார்கள். மறுநாள் காலை சைக்கிளில் வந்த கீரைக்காரம்மாவிடம் அவர் நம்பர் கேட்டிருக்கிறார். சைக்கிளுக்கு ஏது நம்பர்? நம்பர் இல்லாத வண்டிக்கு அனுமதி இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார். நான்கு நாள் எங்கள் குடியிருப்பில் கீரை கிடையாது. இதில் யார் மேலும் தப்பில்லை என்பதைக் கவனியுங்கள். எல்லோரும் தங்கள் வேலையை ஒழுங்காகத்தான் செய்தார்கள்.

புதிதாக எழுதுகிறவர்கள் நான்கில் எள்ளலை மட்டும் பிடித்துக்கொள்கிறார்கள். மற்ற மூன்றும் கேட்பாரற்றுக் கிடக்கின்றன.

என் வாழ்க்கையில் சிரிக்கிற மாதிரி எதுவும் நடப்பதில்லையே. வீடு, ஆபீஸ், வீடு. எதை எழுத?

சமையலறைக்குப் போய்ப் பாத்திரங்களைத் திருப்பிப் பாருங்கள்.

நிஜமாகத்தான் சொல்கிறேன். எங்கள் வீட்டு டபரா ஒன்றில் ‘மீனா 12.6.81’ என்று பெயர் வெட்டியிருக்கிறது. எங்கள் குடும்பத்தில் மீனா என்று யாரும் கிடையாது. இருபது வருடம் அதில் காபி ஆற்றிக் குடித்த பிறகு ஒருநாள், “யாரும்மா மீனா?” என்று கேட்டேன். அம்மா அடுப்பிலிருந்து திரும்பாமலே, “நம்ம சொம்பு அவங்க வீட்டுலதான இருக்கு” என்றார். யார் வீட்டில் என்றதற்குப் பதில் வரவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து கணக்கெடுத்தேன். நான்கடுக்கு டிபன் கேரியரில் நான்கு குடும்பங்கள் இருந்தன. மேல் தட்டு எங்களுடையது. இரண்டாவதில் வெறும் தேதி. மூன்றாவதில் ஏதோ ஒரு காதுகுத்து. நான்காவதில் இருந்த பெயர் தேய்ந்து ‘அன்பளிப்பு’ மட்டும் மிச்சம். யாருக்கு யார் அன்பாக அளித்தார்கள் என்று இனிமேல் கண்டுபிடிக்க முடியாது. எங்கள் பெயர் போட்ட மற்ற மூன்று தட்டுகளும் வேறு ஏதோ வீடுகளில், வேறு ஏதோ கேரியர்களில் இருக்கின்றன. அம்மா இதைத் திருட்டு என்றோ மறதி என்றோ நினைப்பதில்லை. யார் வீட்டுக்கோ பலகாரம் போகிறது, அந்தப் பாத்திரம் காலியாகத் திரும்பக் கூடாது என்பதால் தாமதமாகிறது, அப்புறம் வேறு பாத்திரத்தில் வேறு பலகாரம் வருகிறது. பல வருடமாக நடக்கும் வரவு செலவு. கணக்கு முழுக்க அம்மா தலையில் இருக்கிறது, ஐந்தொகை மட்டும் இன்னும் போடவில்லை.

நான் கட்டுரையாக எழுதி, பலர் எங்கள் வீட்டிலும் ஒரு மீனா உண்டு என்று சொன்ன விஷயம் இதுதான். இதில் எதுவும் ‘நடக்கவில்லை’. யாரும் வழுக்கி விழவில்லை. இருபது வருடம் கண் முன்னால் இருந்ததை ஒருநாள் படித்தேன், அவ்வளவுதான்.

குறிப்பேடு வைத்துக்கொள்ள வேண்டுமா?

வேண்டும். கைபேசியிலும் குறிக்கலாம். ஆனால் ‘பஸ்ஸில் கண்டக்டருடன் ஒருவர் சண்டை, செம காமெடி’ என்று குறித்து வைத்தால் ஆறு மாதம் கழித்து அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. சொன்ன வார்த்தையைக் குறியுங்கள். என் குறிப்பேட்டில் ஒரு வரி: “சில்லறை இல்லன்னா இறங்கிக்கோங்கன்னு சொல்றீங்களே, இறங்கறதுக்குத்தான சார் டிக்கெட்டே கேக்கறேன்.” சொன்னவர் முழுக் கோபத்தில் சொன்னார். சண்டை எதைப் பற்றி என்று எனக்கு மறந்துவிட்டது. வரி இருக்கிறது.

நடந்ததை அப்படியே எழுதலாமா? கொஞ்சம் சேர்த்துக்கொள்ளலாமா?

அப்படியே எழுதினால் நீளமாக இருக்கும். வாழ்க்கையில் தேவையில்லாத ஆட்கள் ஜாஸ்தி. மூன்று மாமாக்கள் சொன்னதை ஒரு மாமா சொன்னதாக மாற்றலாம். இரண்டு நாளில் நடந்ததை ஒரு சாயங்காலத்தில் அடக்கலாம். மிகைப்படுத்துவதில் மட்டும் ஒரு ஜாக்கிரதை தேவை. நம்புகிற அளவுக்குள் கூட்டுங்கள், அல்லது யாருமே நம்ப முடியாத உயரத்துக்குக் கொண்டுபோய்விடுங்கள். நடுவில் நின்றால் பொய் சொல்கிற ஆள் என்று ஆகிவிடும்.

காளமேகப் புலவர் பாட்டு ஒன்று இதற்குப் பாடம். நாகப்பட்டினத்தில் காத்தான் என்பவரின் சத்திரத்துக்குப் பசியோடு போயிருக்கிறார். சாப்பாடு வரத் தாமதம். பாட்டில் அவர் சொல்வது இவ்வளவுதான்: பொழுது சாயும் நேரத்தில் அரிசி வந்து சேரும், அதைக் குத்தி உலையில் போடும்போது ஊர் அடங்கிவிடும், ஓர் அகப்பைச் சோறு இலையில் விழும்போது வெள்ளி முளைக்கும். தாமதம், அநியாயம், கொடுமை என்று ஒரு சொல் கிடையாது. மூன்று வேலை, மூன்று நேரம், அதுவும் வரிசையாக. ராத்திரி முழுக்கப் பசியோடு உட்கார்ந்திருந்த ஆள் மணியைக் குறித்துவைத்த மாதிரி சொல்கிறார். அந்த நிதானம்தான் சிரிப்பு. இன்று சாப்பாட்டுச் செயலியில் ஆர்டர் போட்டுவிட்டு அது வராத கதையை எழுதுகிறவர்கள் முதல் வரியிலேயே கத்த ஆரம்பித்துவிடுகிறார்கள்.

நண்பர்களிடம் சொன்னால் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். எழுதினால் சப்பென்று இருக்கிறது. ஏன்?

சொல்லும்போது உங்கள் முகம் இருக்கிறது, கை இருக்கிறது, நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்துகிறீர்கள். தாளில் அதெல்லாம் கிடையாது. அதை ஈடுகட்ட மூன்று ஆச்சரியக்குறி போடுகிறார்கள், ‘ஹி ஹி’ என்று அடைப்புக்குறிக்குள் தாங்களே சிரிக்கிறார்கள். வாசகர் சிரிப்பதற்கு மிச்சம் வைப்பதில்லை.

தாளில் நம்மிடம் இருப்பது சொற்களின் வரிசை. இந்த விஷயத்தில் தமிழ் நமக்கு ஒரு பெரிய சௌகரியம் செய்து வைத்திருக்கிறது: வினைமுற்று கடைசியில் வரும். எச்சங்களாக அடுக்கிக்கொண்டே போகலாம், எங்கே போய் முடியும் என்று வாசகருக்குத் தெரியாது. இதைப் பாருங்கள்:

‘அப்பா விருட்டென்று எழுந்து, சட்டையை மாட்டி, எங்கள் யார் முகத்தையும் பார்க்காமல் செருப்பைப் போட்டு, கதவைப் படாரென்று சாத்திக்கொண்டு வெளியே போய், அரை லிட்டர் பால் வாங்கிவந்தார்.’

இதையே, ‘பால் வாங்கப் போகச் சொன்னதற்காக அப்பா கோபத்தோடு கிளம்பிப் போனார்’ என்று எழுதினால் தகவல் அதேதான். ஆனால் பால் முதலிலேயே கொட்டிவிட்டது.

என் பாத்திரக் கட்டுரையின் முதல் வடிவம் இப்படித் தொடங்கியது: ‘நம் பெண்களுக்கும் பாத்திரங்களுக்கும் உள்ள பந்தத்தைப் பற்றிச் சொல்லவும் வேண்டுமோ? எங்கள் வீட்டில் நடந்த ஒரு வேடிக்கையான சம்பவத்தைக் கேளுங்கள்.’ வேடிக்கை என்று முன்னாலேயே அறிவித்துவிட்டேன். ‘நம் பெண்கள்’ என்று பொதுவாக ஆரம்பித்ததில் என் அம்மா காணாமல் போனார். இரண்டு வாக்கியத்தையும் வெட்டிவிட்டு, டபராவில் இருந்த பெயரையும் தேதியையும் முதல் வரியாக வைத்தேன். வேறு எந்தத் திறமையும் அதில் இல்லை.

பேச்சுத் தமிழில் எழுதுவதா, எழுத்துத் தமிழிலா?

உரையாடல் பேச்சில், விவரிப்பு எழுத்தில் என்று வைத்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. இரண்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளியே சிரிப்புக்கு இடம் கொடுக்கும். அலுவலகக் கடிதத் தமிழும் நம் கையில் உள்ள நல்ல கருவி. ‘மேற்படி சட்னி கெட்டுவிட்டபடியால் உரிய நடவடிக்கை எடுக்கப்பட்டு பாத்திரம் கழுவப்பட்டது’ என்று அற்ப விஷயத்துக்கு ஜரிகை வேட்டி கட்டிவிடலாம். ஒரு கட்டுரையில் ஒரு முறை போதும்.

வட்டார வழக்கு உங்களுடையதாக இருந்தால் எழுதுங்கள். சினிமாவில் கேட்ட நெல்லைத் தமிழை வைத்து எழுதினால் திருநெல்வேலிக்காரர்கள் சிரிப்பார்கள், நீங்கள் நினைத்த இடத்தில் சிரிக்க மாட்டார்கள்.

சிலேடை, வார்த்தை விளையாட்டு?

தானாக வந்தால் விடாதீர்கள், தேடிப் போகாதீர்கள். பாத்திரக் கட்டுரை எழுதும்போது ஒன்று வந்தது. பெயர் வெட்டுகிறவர் இடம் போதாது என்று சொன்னதால், பல பாத்திரங்களில் அம்மா பெயர் முழுசாகவும் அப்பா பெயர் முதல் எழுத்தாகவும் இருக்கும். ‘எங்கள் வீட்டு எவர்சில்வரில் அப்பா வெறும் தலையெழுத்துதான்’ என்று எழுதினேன். அதைத் தேடியிருந்தால் கிடைத்திருக்காது.

கிரேசி மோகன் மாதிரி ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்குவேன் என்றால் அது வேறு கலை. மேடையில் நடிகர்களின் வேகத்தோடு வருவதற்காகச் செய்தது. அவர் கிண்டியில் மெக்கானிக்கல் இன்ஜினீயரிங் படித்தவர். வசனத்திலும் பல்சக்கரம் பல்சக்கரமாகக் கோத்திருப்பார், ஒன்றைக் கழற்றினால் அடுத்தது ஓடாது.

யாரைப் படிக்கலாம்?

என் ருசிக்குச் சொல்கிறேன். எஸ்.வி.வி. திருவண்ணாமலையில் வக்கீலாக இருந்தவர். முதலில் ஆங்கிலத்தில் எழுதிப் பெயர் வாங்கி அப்புறம் தமிழுக்கு வந்தார். கணவன் மனைவி பேச்சை வாசலில் நின்று கேட்ட மாதிரி எழுதுவார். சரித்திர நாவல்களால் மட்டும் கல்கியை அறிந்தவர்கள், அதற்கு முன் ஆனந்த விகடனில் அவர் எழுதிய கட்டுரைகளைத் தேடிப் படியுங்கள். தேவனின் சாம்பு துப்பறிவாளன். அவனுடைய அசட்டுத்தனம் ஒவ்வொன்றும் தவறாமல் வெற்றியில் போய் முடியும். தொல்காப்பியர் சொன்ன பேதைமைக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது. குமுதத்தில் அப்புசாமி, சீதாப்பாட்டியை உலவவிட்ட பாக்கியம் ராமசாமியின் சொந்தப் பெயர் ஜ.ரா.சுந்தரேசன், புனைபெயர் அவர் அம்மா, அப்பா பெயர்கள் இரண்டும் சேர்ந்தது. கிழவருக்கு இளமையையும் பாட்டிக்கு ஆங்கிலத்தையும் கொடுத்ததில் அத்தனை கதைக்கும் எரிபொருள் கிடைத்துவிட்டது.

ஒன்றே ஒன்றுதான் படிப்பேன் என்றால், புதுமைப்பித்தனின் ‘கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்’. கடவுள் சென்னைக்கு வருகிறார். கந்தசாமிப் பிள்ளை அவரிடம் வரம் கேட்கவில்லை, தன் வைத்தியப் பத்திரிகைக்கு ஆயுள் சந்தா கேட்கிறார். வாசகர் யாராவது வாசலில் எட்டிப் பார்த்தாலே சந்தா பேச்சை எடுக்கிற சிறுபத்திரிகைக்காரர்களை நான் பார்த்திருக்கிறேன். அதனால் அந்தக் கட்டத்தில் எனக்குக் கடவுளைவிடப் பிள்ளை மேல்தான் அதிக நம்பிக்கை வந்தது.

சொந்தக்காரர்களை எழுதினால் கோபித்துக்கொள்ள மாட்டார்களா?

கோபித்துக்கொள்வார்கள். ஆனால் நீங்கள் எதிர்பார்க்கிற ஆள் இல்லை.

என் சித்தப்பா ஷேர் ஆட்டோவில் சீக்கிரம் இறங்க வேண்டும் என்று எப்போதும் ஓரத்தில் உட்காருவார். அவர் இறங்க வேண்டியதோ கடைசி நிறுத்தம். வழியெல்லாம் மற்றவர்களுக்காக இறங்கி ஏறி, இறங்கி ஏறி, ஊர் போய்ச் சேருவதற்குள் நடந்தே வந்த மாதிரி களைத்துவிடுவார். பெயர் போடாமல் எழுதினேன். சித்தப்பா படித்துவிட்டு, “என் பேரையும் போட்டிருக்கலாமே” என்று குறைப்பட்டுக்கொண்டார். பேச்சை நிறுத்தியது நான் ஒரு வரிகூட எழுதாத ஒரு மாமா. அது தன்னைப் பற்றித்தான் என்று இன்றுவரை நம்புகிறார். இல்லை என்று சொன்னால், “பின்ன யாரு?” என்கிறார். சித்தப்பா என்று சொல்ல முடியுமா?

காளமேகத்துக்கும் இந்த நிலைமை வந்ததாகக் கதை உண்டு. காத்தான் ஓடிவந்து வருத்தப்பட, புலவர் அதே பாட்டைப் புகழ்ச்சியாக்கிவிட்டாராம்: நாட்டில் அரிசியே இல்லாமல் போகிற காலத்திலும் இங்கே அரிசி வரும், உலையில் போட்டால் ஊர்ப்பசி அடங்கும், இலையில் விழும் ஓர் அகப்பைச் சோற்றின் வெண்மைக்கு வெள்ளியே ஈடாகாது. நமக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது. அதனால் நான் கடைப்பிடிக்கிற வழி, கட்டுரையில் அதிகமாக அசடு வழிகிறவன் நானாக இருந்துவிடுவது. உடம்பு, நிறம், சாதி, திக்குவாய், ஏழ்மை, இவற்றில் கை வைப்பதில்லை. அந்தச் சரக்கு வேண்டிய அளவு ஏற்கெனவே சந்தையில் கிடக்கிறது.

அரசியல்வாதிகளை?

எழுதலாம், விலை தெரிந்து எழுதுங்கள். 1987இல் ஆனந்த விகடன் அட்டையில் ஒரு ஜோக் வந்தது. மேடையில் இருப்பவர்களில் யார் எம்.எல்.ஏ., யார் மந்திரி என்று ஒருவர் கேட்க, ஜேப்படிக்காரர் மாதிரி இருப்பவர் எம்.எல்.ஏ., முகமூடிக் கொள்ளைக்காரர் மாதிரி இருப்பவர் மந்திரி என்று பதில். ஆசிரியர் எஸ்.பாலசுப்ரமணியனுக்குத் தமிழகச் சட்டமன்றம் மூன்று மாதச் சிறைத் தண்டனை விதித்தது. எதிர்ப்புக் கிளம்பியதால் சில நாட்களில் விடுதலை செய்தார்கள். அவர் விடாமல் வழக்குப் போட்டு, 1994இல் சென்னை உயர் நீதிமன்றம் அவருக்கு 1,000 ரூபாய் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. அந்த ஜோக் அதோடு சேர்த்து இன்றும் ஞாபகத்தில் இருக்கிறது. சிறைக்கு அனுப்பாமல் இருந்திருந்தால் மறு வாரமே மறந்திருப்போம்.

வாட்ஸப்பில் வந்த ஜோக்கை மாற்றி எழுதலாமா?

கூடாது. உங்களுக்கு வந்தது ஆசிரியருக்கும் வந்திருக்கும், காலை வணக்கத்தோடு.

பணம் வருமா?

காபிச் செலவுக்கு வரும். நடுவில் ஒரு மாதம் டிபன் செலவுக்கும் வரலாம்.

எழுதி முடித்ததை யாரிடம் படிக்கக் கொடுப்பது?

சுலபமாகச் சிரிக்கிறவர்களிடம் கொடுக்காதீர்கள். நான் அம்மாவிடம் கொடுப்பேன். பாத்திரக் கட்டுரை அச்சான இதழைக் கொடுத்தபோது கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, வாய்க்குள் முணுமுணுத்தபடி முதலிலிருந்து கடைசி வரை படித்தார். ஓர் இடத்திலும் சிரிக்கவில்லை. இதழை மடித்து என்னிடம் நீட்டி, “எவர்சில்வர் சொம்புன்னு எழுதியிருக்கியே, அது பித்தளைடா. கும்பகோணத்துல வாங்கினது, ஒண்ணேகால் கிலோ. மாத்திப் போடச் சொல்லு. அவங்க இதைப் படிச்சா எவர்சில்வரைக் கொண்டுவந்து குடுத்துட்டுப் போயிடுவாங்க” என்றார்.